கொட்டகையில் நின்ற ஹெரால்டு

பாதியில் நின்றுபோன பணி எந்த இல்லத்தில்தான் இல்லை? சுவர் எழுப்பிக் கூரை போடாத மாடி, வெட்டித் தண்ணீர் காணாத கிணறு, முக்கால் பாகம் தைத்து மூலையில் போட்ட துணி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது நாள்தோறும் கண்ணில் படும். நாள்தோறும் மனத்தை உறுத்தும். முத்தாண்டிக்குப்பத்தில் நம் உறவினர் குடும்பம் ஒன்றைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு உறுத்தி வந்தது ஒரு பழைய மோட்டார் கார்.

பண்ருட்டி வட்டத்தைச் சேர்ந்த முத்தாண்டிக்குப்பம் நெய்வேலிக்கு அண்மையில் உள்ளது. செம்மண் நிலம், முந்திரித் தோப்புகள், இடையிடையே பலா மரங்கள். அங்குள்ள பெரியவர் நமக்கு மாமா முறை. வயது எண்பதைக் கடந்தவர். நெய்வேலி முதலாம் அனல் மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூத்த மகன் சென்னையில் அலுவலகப் பணியில் இருக்கிறார். இளையவர் ஊரிலேயே தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். காரின் உடற்பகுதியை என்ன செய்வது என்பதில் தந்தைக்கும் மக்களுக்கும் கருத்து ஒன்றுபடவில்லை. "நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று அழைத்ததன் பேரில் நாம் சென்றிருந்தோம். அங்கு கண்டதும் கேட்டதும், பழைய பொருளைப் பேணக் கருதும் எந்தக் குடும்பத்துக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

சென்னையில் பிறந்த வண்டி

அறுபதுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே வகை: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், நம் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் ஹெரால்டை வெளியிட்டது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டதும் அதே 1961-இல்தான். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். அதற்கு உருவம் வரைந்தவர் இத்தாலிய நாட்டு மிக்கெலொட்டி.

இக்காரின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அம்பாசிடரிலும் பியட்டிலும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டிலோ அடியில் 'சேஸ்' என்னும் இரும்புச் சட்டம் தனியே இருக்கும். அதன்மேல் உடற்பகுதி போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் அந்நிறுவனத்துக்குக் காரின் உடலைச் செய்து தந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனமையால், உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்து ஒன்றாக முடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த நெருக்கடியில் பிறந்த அமைப்பு இது. முன்பக்க மட்கார்டுகள், பானெட் அனைத்தும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். வாயைப் பிளந்த முதலைபோல நிற்கும் அந்தக் காட்சியைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1971-இல் சென்னையில் ஹெரால்டு நின்றது. அதன் வழிவந்த கெசல் 1977 வரை வந்தது. 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் கைகொடுக்கவில்லை. 1988-இல் கார் உற்பத்தியே முடிவுற்றது. மாமா பணியாற்றிய முதலாம் அனல் மின் நிலையமும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே அந்தக் கொட்டகையில் நிற்பது அவருக்கு வெறும் வண்டியன்று. அவர் வாழ்ந்த காலத்தில் எஞ்சியிருப்பது அது ஒன்றே.

பணி நின்ற விதம்

1966-இல் செய்யப்பட்ட அந்த இரு கதவுக் காரை மாமா பிறர் ஓட்டியதாகவே 1974-இல் வாங்கினார். நெய்வேலி நகரியத்தின் அகன்ற சாலைகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கும், ஞாயிறுதோறும் குடும்பத்தைத் திருப்பலிக்கும் ஏற்றிச் சென்றது அது. அத்தையும் அதில்தான் ஓட்டக் கற்றார். 2009-இல் அத்தை இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு மாமா, நெடுநாளாக ஓடாதிருந்த காரைப் புதுப்பிக்கத் தொடங்கினார்.

முதலில் என்ஜினைப் பிரித்து ஒழுங்கு செய்தார். பிறகு பம்பருக்கும் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசினார். இருக்கைகளுக்குப் புது உறை தைத்தார். உடற்பகுதிக்கு வந்தபோது கையிருப்பு முக்கால்வாசி தீர்ந்திருந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டி, சிவப்புப் பிரைமர் மட்டும் அடித்து, "முந்திரி விற்ற பணம் வந்ததும் மற்றதைப் பார்ப்போம்" என்று நிறுத்தினார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை அங்குள்ளோர் இன்றும் கண்ணீரோடு சொல்வர். மாமாவின் தோப்பும் தப்பவில்லை. கொட்டகைக் கூரை பறந்து காரின் மேல் மழை கொட்டியது. புதிதாக நட்ட முந்திரி காய்ப்புக்கு வர ஆண்டுகள் பல ஆகும். வருவாய் இல்லாத வீட்டில் காருக்கு ஏது செலவு? தார்ப்பாய் ஒன்றைப் போட்டு மூடினார்கள். அவ்வளவுதான்.

இங்கே இரு பாடங்கள் உள. முதலாவது, புதுப்பிப்போர் பலரும் பளபளக்கும் வேலைகளையே முதலில் செய்கின்றனர். ஆனால் பணத்தையும் நாள்களையும் மிகுதியாக விழுங்குவது தகட்டு வேலைதான். அதைக் கடைசிக்கு வைத்தால் பணி நின்றுவிடும். இரண்டாவது, பிரைமர் என்பது பாதுகாப்பு அன்று. மேற்பூச்சு ஒட்டுவதற்கான அடிப்பூச்சே அது. அதில் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரைமரோடு நிறுத்திய வண்டியில், வெளியே சிவப்பாகத் தோன்றும் பூச்சுக்கு அடியில் துரு ஓசையின்றிப் பரவும். மாமாவின் காருக்கு நேர்ந்ததும் அதுவே.

மேஸ்திரியின் சோதனை

நாம் சென்ற அன்று நெய்வேலிப் பக்கத்திலிருந்து டிங்கரிங் மேஸ்திரி ஒருவரும் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். அவர் கொண்டு வந்த கருவிகள் மூன்று: துணி சுற்றிய காந்தம், மரப்பிடிச் சுத்தி, ஒரு திருப்புளி.

காந்தத்தைத் தகட்டின்மேல் மெல்ல நகர்த்தினார். நல்ல இரும்பு இருக்குமிடத்தில் அது ஒட்டிக்கொண்டது. இடப்புறக் கதவின் கீழ்ப்பகுதியில் பிடிக்காமல் நழுவியது. "இங்கே யாரோ முன்பே கனமாகப் பட்டி போட்டிருக்கிறார்கள் ஐயா" என்றார். சுத்திப் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கிறது. உளுத்த தகடு பொத்தென்று விடை சொல்கிறது. பிறகு தரையில் படுத்து, அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார்.

முடிவு இது: அடிச்சட்டத்தின் நடுவே ஓடும் இரு முதன்மைத் தண்டுகள் உறுதியாக இருந்தன. பல்லாண்டு என்ஜினிலிருந்து கசிந்த எண்ணெய் முன்பகுதியைத் துருவிலிருந்து காத்திருந்தது. ஆனால் அத்தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளில், இடப்புறம் இரண்டு உளுத்திருந்தன. திருப்புளி உள்ளே புகுந்தது. கால் வைக்கும் தரைத் தகட்டின் ஓரங்கள், டிக்கியின் தரை, இரு கதவுகளின் அடிப்பகுதி ஆகியவையும் கெட்டிருந்தன. கூரை, பானெட், டேஷ்போர்டு ஆகியவை நன்றாகவே இருந்தன.

கதவின் அடி ஏன் முதலில் கெடுகிறது? கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. புழுதியும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் தேங்கும். இரும்பு நீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகும்போது அதன் பருமன் பன்மடங்காகிறது. அதனால்தான் பூச்சு கொப்புளித்து எழுகிறது. நாம் கொப்புளத்தைக் காணும்போது துளை உள்ளிருந்து வெளியே வந்து முடிந்திருக்கும்.

முன்னிருந்த வழிகள்

முதல் வழியைத் தரகர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். ஓட்டைகளில் ஃபைபர் துணி ஒட்டி, பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தால் ஒரு மாதத்தில் கண்ணைப் பறிக்கும். பழைய கார் மோகம் கொண்டவர்களுக்கு நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்பது அவர் யோசனை. பட்டியைப் பழிக்க வேண்டியதில்லை. தட்டிச் சமன்செய்த தகட்டின்மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பூசினால் அது நேரிய பொருள். உளுத்த இடத்தை மறைக்க அப்பினால், ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருக்கும் தகட்டையும் தின்னும். உடலைத் தாங்கும் கையில் பட்டிக்கு என்ன வலிமை? அக்காரை வாங்கிச் செல்பவரும் தம் பிள்ளைகளைத்தான் அதில் ஏற்றுவார். குறையை மறைத்து விற்பது கூடாது என்பதற்கு மறைக்கல்வி நூலைப் புரட்ட வேண்டியதில்லை. இவ்வழியை மூவருமே ஏற்கவில்லை என்பது நமக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது, மூத்த மகனின் விருப்பம். சென்னையில் பழங்கார் அணிவகுப்புகளையும், கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்தையும் பார்த்தவர் அவர். "உடலை முழுவதும் கழற்றித் தூக்கி, சேஸைத் தனியே சுத்தம் செய்து, ஒவ்வொரு தகட்டையும் வெறும் இரும்பாக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் செய்ய வேண்டும் அப்பா" என்றார். ஹெரால்டின் உடல் போல்ட்டால் நிற்பதால் இது இயலக்கூடியதே. அடி முதல் முடி வரை துருவைக் காணலாம் என்பது இதன் பெரும் பயன். ஆனால் உளுத்த உடலை முட்டுக் கொடுக்காமல் தூக்கினால் அது நெளிந்துவிடும். பிறகு கதவுகள் பொருந்தா. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுவதும் பிரித்த வண்டியே மீண்டும் சேராமல் போகிறது. பிரிப்பதற்கு ஒரு வாரம் போதும். சேர்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். இடையில் பணமோ உடல்நலமோ குன்றினால், கொட்டகையில் கார் நின்ற இடத்தில் சாக்கு மூட்டைகள் நிற்கும்.

மூன்றாவது, வேறொரு ஹெரால்டை வாங்கி அதன் உடலை மாற்றிவிடுவது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத உதிரிப் பொருள் இல்லை என்பர். ஆயினும் நல்ல உடலோடு கூடிய ஹெரால்டு இன்று அரிது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டுக்குத் தாங்கு கைகளும் தகடுகளும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எனினும் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படி ஆகாது.

நான்காவது, இளையவரும் மேஸ்திரியும் சொன்னது. உடலைத் தூக்காமல், நின்ற நிலையிலேயே கெட்டதை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டில் அதே வடிவைச் செய்து பற்றவைப்பது.

சட்டம் சொல்வது

இதில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுமாறு வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' எனப் பதிவு செய்ய வழி வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று அத்திருத்தம் வகுத்தது. முன்பே பதிவு பெற்றவை தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனை உண்டு: வண்டி அதன் மூல உருவிலேயே இருக்க வேண்டும், அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கு அன்று. ஆகவே சுத்தியை எடுக்குமுன் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பதே அறிவுடைமை. அடிச்சட்ட எண் பொறித்த தகட்டைப் பெயிண்டால் மூடிவிடாமல் காப்பதும் தேவை.

எடுத்த முடிவு

பிற்பகல் முழுவதும் பேச்சு நடந்தது. மூத்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. "செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?" என்று கேட்டார். மாமா அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர், "தம்பி, நீ சொல்வது நல்ல வேலைதான். அது முடிய எத்தனை ஆண்டு ஆகும்?" என்றார். மேஸ்திரி நேர்மையாக, "மூன்று ஆண்டுக்குக் குறையாது" என்றார். "எனக்கு மூன்று ஆண்டு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நான் இதில் ஒருமுறை ஏறிப் பூசைக்குப் போய் வர வேண்டும்" என்றார் மாமா. அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

நம்மைக் கேட்டபோது நாம் சொன்னது இதுதான்: முதன்மைத் தண்டுகள் உறுதியாக இருக்கும்வரை உடலைத் தூக்க வேண்டியதில்லை. தண்டுகளே உளுத்திருந்தால் தம்பி சொல்வதே சரி. கெட்டது ஐந்தாறு இடங்கள் என்று தெரிந்தபின், நல்லதையும் பிரிப்பது தேவையற்றது. மூத்தவர் சற்று யோசித்துத் தலையசைத்தார். வேலையை மூன்று கட்டங்களாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதற்கட்டம், தாங்கு கைகளும் தரைத் தகடும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பால் வைத்து, பாட்டரி இணைப்பை நீக்கிய பிறகே வெல்டிங். கதவுகளைக் கழற்றாமல், மூடிய நிலையிலேயே வைத்து வேலை செய்ய வேண்டும். இடுக்குகள் மாறினால் உடனே தெரியும். ஒரு கையை மாற்றி முடித்த பிறகே மறுகையை வெட்ட வேண்டும். மெல்லிய தகட்டில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும் என்பதால், சிறு சிறு பொட்டுகளாக, ஆற விட்டு ஆற விட்டுப் பற்றவைப்பதாக மேஸ்திரி சொன்னார்.

இரண்டாம் கட்டம், கதவுகளின் அடியும் டிக்கியும். நீர் வடியும் துளைகளைத் திறந்து, உட்புறத்தில் துருத் தடுப்பு மெழுகு பீய்ச்ச வேண்டும். மூன்றாம் கட்டம் பெயிண்ட். இதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை பிறந்தபிறகே தொடங்குவது. ஈரக் காற்றில் டூக்கோ அடித்தால் பூச்சில் வெண்மை படர்ந்துவிடும். இக்காலத்து இரு கலவைப் பெயிண்ட் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது போதாது. உரிய சுவாசக் கவசம் வேண்டும். மேஸ்திரிக்கு அதை வாங்கித் தருவது தம் செலவு என்று மூத்தவர் ஏற்றுக்கொண்டார்.

ஒரு கட்டத்துக்குரிய பணம் கையில் இருந்தால்தான் அக்கட்டத்தைத் தொடங்குவது. எக்கட்டத்தில் நின்றாலும் வண்டி மழைக்கும் துருவுக்கும் திறந்து கிடக்காதபடி மேற்பூச்சோடு நிற்க வேண்டும் என்பவையும் அத்தாளில் இடம்பெற்றன. கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு எழுதிக் கட்டுவதும், போல்ட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் புட்டிகளில் பிரித்துப் போட்டு வைப்பதும் பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.

அந்தச் சொட்டை

எல்லாம் முடிந்து மேஸ்திரி எழுந்தபோது, பின்பக்க வலது மட்கார்டில் உள்ளங்கை அளவான ஒரு சொட்டையைத் தடவிப் பார்த்தார். "தகடு நன்றாக இருக்கிறது. பின்னாலிருந்து நாலு தட்டுத் தட்டினால் எழுந்துவிடும். எடுத்துவிடட்டுமா ஐயா?" என்று கேட்டார்.

மாமா உடனே விடை சொல்லவில்லை. அத்தை ஓட்டப் பழகிய நாள்களில், வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது குடியிருப்பின் கேட்டுத் தூணில் இடித்த சொட்டை அது. அன்று அத்தை அழுததையும், மாமா சிரித்ததையும் இளையவர் நமக்குச் சொன்னார்.

உலக நாடுகளின் பழங்கார்ச் சங்கங்கள் ஒன்றுகூடி வகுத்த துரின் சாசனமும், புதிதாக்குவதைவிட உள்ளதைப் பேணுவதற்கே முதலிடம் தருகிறது. வண்டி வாழ்ந்த வாழ்வின் தழும்புகளும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை என்பது அதன் கருத்து. மாமா அச்சாசனத்தைக் கேள்விப்பட்டவர் அல்லர். "துருவை எல்லாம் எடுத்துவிடு மேஸ்திரி. அதை மட்டும் விட்டுவிடு. மேலே பெயிண்ட் அடித்தால் போதும்" என்றார்.

எல்லாம் புத்தம் புதிதாக வேண்டும் என்று காலையில் வாதாடிய மூத்த மகனே, "ஆமாம் மேஸ்திரி, அது அம்மாவுடையது" என்றார்.

பாதியில் நின்ற பணி உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அதை மீண்டும் எடுக்குமுன் எது உளுத்தது, எது உறுதியானது, எது நினைவுக்குரியது என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உளுத்ததை மறைக்காமல் வெட்டுங்கள், உறுதியானதைக் கலைக்காதீர்கள், நினைவுக்குரியதை வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டுச் செய்யுங்கள். நாம் விடைபெற்றுக் கிளம்பியபோது, மேஸ்திரி கல்லுக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, முதல் தாங்கு கையை அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு அமர்ந்துவிட்டார்.